ஒட்டுப்பால் முதல் ஒட்டாத சில்லு வரை

பால் காய்ச்சும் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுற்றிலும் நனைத்து, அதன் பிறகே பாலை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. காரணம் கேட்டால், "அடி பிடிக்காது" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. சூடேறும் பாலின் புரதம் உலோகத்தை நேரடியாகத் தொட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இடையில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அது கொஞ்சம் தள்ளிப்போகும். சமையலறையில் இதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை.

ஆனால் இதே சிக்கலை அவிழ்க்கத்தான் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருக்கின்றன. அங்கே பாத்திரத்தின் இடத்தில் சிலிக்கன் சில்லு. பாலின் இடத்தில் மனித இரத்தம். புரதம் ஒட்டாத ஒரு பூச்சு வேண்டும், அதுவும் நீண்ட நாள் உரிந்து போகாத பூச்சு. இதுதான் கேள்வி. அவர்கள் கண்டுபிடித்த விடையிலும் தண்ணீர்தான் கதாநாயகன்.

இதை ஏன் கெடாவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? சிடாம் கிரி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் பிரட்டுக்குக் கூடிய நேரம் அது. இப்போது கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு கூலிம் நோக்கிப் போகின்றன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. சில்தெரா நிறுவனம் அங்கே சிலிக்கன் வேஃபர்களில் சில்லுகளை உருவாக்குகிறது. ஜெர்மனியின் இன்ஃபினியான் 2006இல் அங்கே ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கென்றே இன்னொரு பெரிய ஆலையையும் திறந்தது. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பேரப்பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து தூசியில்லா அறையில் நிற்கிறார்கள்.

அவர்கள் கையாளும் சிலிக்கன் இன்று காருக்குள், கைத்தொலைபேசிக்குள், மின்சாரக் கருவிகளுக்குள் போகிறது. அடுத்து அது போக விரும்பும் இடம் மனித உடல். அங்கே நுழையும்போது அதை வாசலிலேயே மறிப்பது புரதம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிலிக்கன் என்பது மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கடினமான தனிமம். சில்லு செய்வது அதில்தான். சிலிகோன் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த முதுகெலும்பு கொண்ட, ரப்பர் போன்ற மென்மையான பொருள். சிறுநீர்க் குழாய், கண் வில்லை, குழந்தையின் பால் புட்டி முனை எல்லாம் அதில் வரும். இரண்டும் வேறு வேறு. ஆனால் புரதத்திடம் மாட்டிக்கொள்வதில் இரண்டும் ஒரே சாதி.

உடல் பார்ப்பது எதை?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். வெட்டுக்கோட்டில் காய்ந்து, பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். மங்கில் இருக்கும் பாலோ கொஞ்ச நேரம் நீராகவே இருக்கும். ஸ்டோரில் ஆசிட் கலந்தால் கட்டியாகிவிடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர்த் துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அடக்கிவிடுகிறது. துகள்கள் ஒன்று சேர்ந்து கட்டியாகின்றன. உள்ளே இருக்கும் ரப்பர் மாறவில்லை. மாறியது மேலே இருந்த தோல்.

உடலுக்குள் வைக்கும் எந்தப் பொருளுக்கும் இதே விதிதான். ஒரு லிட்டர் இரத்த நீரில் ஏறக்குறைய 70 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. ஒரு சில்லையோ குழாயையோ இரத்தத்தில் வைத்தால் சில விநாடிகளிலேயே அதன் மேல் புரதம் படியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் அணுக்கள் சிலிக்கனைப் பார்ப்பதே இல்லை. அவை பார்ப்பது அந்தப் புரதத் தோலை மட்டும்தான். அந்தத் தோலைப் பார்த்துத்தான் "இது அந்நியன்" என்று உடல் முடிவு கட்டுகிறது. பிளேட்லெட் அணுக்கள் ஒட்டுகின்றன, இரத்தம் உறைகிறது. திசுவாக இருந்தால் தழும்பு சூழ்கிறது. கிருமிகளுக்கும் குடியேற இடம் கிடைக்கிறது.

இந்தப் படிவில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கண்டறிந்தவர் லியோ விரோமன் என்ற டச்சு விஞ்ஞானி. 1940இல் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைந்தபோது தப்பி, இன்று ஜாகர்த்தா என்று அழைக்கப்படும் பத்தாவியாவுக்கு வந்து சேர்ந்தவர். பிறகு ஜப்பானியரின் கைதியானார். நம் முன்னோர் சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே ஆண்டுகள். போருக்குப் பின் அமெரிக்கா சென்று இரத்த ஆய்வாளர் ஆனார். டச்சு மொழியின் புகழ்பெற்ற கவிஞரும் அவர்தான். 1962இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கிய கருத்துக்கு இன்று "விரோமன் விளைவு" என்று பெயர்.

அது என்ன? கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் பொடிசுகள் ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மாமா, சித்தப்பா, சம்பந்தி என்று பெரியவர்கள் மெதுவாக வருவார்கள். பிள்ளைகள் எழுந்து இடம்விட, பெரியவர்கள் உட்கார்ந்தால் எழ மாட்டார்கள். இரத்தத்திலும் அளவில் சிறியதும் எண்ணிக்கையில் அதிகமானதுமான அல்புமின் முதலில் வந்து படிகிறது. பிறகு ஃபைப்ரினோஜென் போன்ற பெரிய புரதங்கள் வந்து அதை எழுப்பிவிட்டு அழுத்தமாக உட்கார்ந்துகொள்கின்றன. இரத்தம் உறைவதற்கு வேண்டிய மூலப்பொருளே ஃபைப்ரினோஜென்தான் என்பதால் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

தாமரை இலை ஏமாற்றும்

"ஒட்டாமல் இரு" என்று சொல்ல நமக்குத் தாமரை இலைத் தண்ணீர். மலாய்க்காரர்களுக்குக் கெலாடி இலைத் தண்ணீர். ஆகவே நீரை வெறுக்கும் பூச்சைத் தடவினால் போதும், எதுவும் ஒட்டாது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தெஃப்லோன் சட்டியில் முட்டை வழுக்கிக்கொண்டு போவதையும் பார்க்கிறோமே.

இரத்தத்தில் நடப்பது நேர் எதிர். புரதம் என்பது சுருட்டி மடித்த ஒரு நீளச் சங்கிலி. நீரை விரும்பும் பகுதிகள் வெளிப்பக்கமும், எண்ணெய்த் தன்மை கொண்ட பகுதிகள் உள்பக்கமும் இருக்கும்படி மடிந்திருக்கும். நீரை வெறுக்கும் பரப்பைத் தொட்டதும் மடிப்பு அவிழ்கிறது. உள்ளே இருந்த எண்ணெய்ப் பகுதி அந்தப் பரப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை அவிழ்ந்த மடிப்பு எளிதில் திரும்பாது. தெஃப்லோனில் செய்த செயற்கை இரத்தக் குழாய்களின் மேலும் புரதம் படியத்தான் செய்கிறது. முட்டைக்குப் பொருந்துவது இரத்தத்துக்குப் பொருந்தவில்லை.

சிலிகோனும் இயல்பிலேயே நீரை வெறுப்பது. 1999இல் சிலிகோன் ஹைட்ரஜெல் கண் வில்லைகள் விற்பனைக்கு வந்தபோது, கண்ணுக்கு வேண்டிய ஆக்சிஜனை அவை தாராளமாக விட்டன. ஆனால் அந்தப் பரப்பை அப்படியே விட்டால் கண்ணீர் பரவாது, கொழுப்பும் புரதமும் திட்டுத் திட்டாகப் படியும். அதனால் மேற்பரப்பை மட்டும் பிளாஸ்மா முறையில் மாற்றி, நீரை ஏற்கும்படி செய்துதான் விற்றார்கள்.

தண்ணீரைக் கட்டிப்போடும் போர்வை

அப்படியென்றால் எது ஒட்டாது? நீரைத் துரத்தும் பரப்பு அல்ல, நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பரப்பு. 1991இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. தங்கப் பரப்பின் மேல் எத்திலீன் கிளைக்கால் என்ற சிறு மூலக்கூறுகளை நாற்று நட்டதுபோல் நெருக்கமாக நட்டார்கள். அந்த நாற்றுகள் நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டன. புரதம் வந்து ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்த நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் புரதத்துக்குக் கட்டுபடியாகாததால் அது விலகிப் போனது. பால் பாத்திரத்தின் நீர்ப்படலம் கொதியில் கலைந்துவிடும். இங்கே நீர் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைவிடச் சிறந்த போர்வையை இயற்கை முன்பே நெய்துவிட்டது. நம் சிவப்பணு 120 நாள் வரை புரதக் கடலுக்குள் நீந்துகிறது. அதன் மேல் எதுவும் படிந்து அடைவதில்லை. அதன் வெளித்தோலில் பாஸ்ஃபோரில்கோலின் என்ற தலைப்பகுதி நிறைந்திருக்கிறது. அதில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் அருகருகே, சரிசமமாக இருக்கின்றன. இரண்டும் நீரை வலுவாக இழுத்துப் பிடிக்கின்றன. ஆனால் மொத்தத்தில் மின்னூட்டம் பூச்சியம் என்பதால் புரதத்தை இழுப்பதில்லை. கசுஹிக்கோ இஷிஹாரா என்ற விஞ்ஞானி இதை அப்படியே பின்பற்றி எம்.பி.சி. என்ற பாலிமரை உருவாக்கினார். இன்று அது கண் வில்லையிலும், இதயத்துக்கு உதவும் பம்பிலும், ஜப்பானில் 2011 முதல் செயற்கை இடுப்பு மூட்டிலும் பயன்படுகிறது.

இதே வகையில் இன்னொரு படி முன்னே போனவர் ஷாவோயி ஜியாங். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு உருவாக்கிய ஜெல்லை எலிகளின் தோலுக்கடியில் வைத்தபோது, மூன்று மாதம் வரை தழும்பு உறை சூழவில்லை. 2013இல் வெளியான முடிவு இது. இத்துறையில் நல்ல பூச்சு என்று பெயர் வாங்க, ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 நானோகிராமுக்கும் குறைவாகவே ஃபைப்ரினோஜென் படிய வேண்டும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் நானோகிராம். சாதாரணப் பரப்பில் நூற்றுக்கணக்கான நானோகிராம் படியும்.

எத்தனை நாள் தாங்கும்?

ஒட்டாத பூச்சு கிடைத்துவிட்டது. சிக்கல் தீர்ந்ததா? இல்லை. எதுவும் ஒட்டாத பூச்சே சில்லின் மேல் ஒட்டி நிற்க வேண்டும் அல்லவா? கடினமான பாதி இதுதான்.

காற்றுப் பட்ட சிலிக்கன் தன் மேல் ஓரிரு நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோலைத் தானே வளர்த்துக்கொள்ளும். சிலேன் வகை மூலக்கூறுகள் அந்தத் தோலைக் கொக்கி போட்டுப் பிடிக்கும். கூலிமில் லித்தோ பிரிவில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ஃபோட்டோரெசிஸ்ட் நன்றாகப் பிடிக்க வேஃபரில் எச்.எம்.டி.எஸ். ஏற்றுகிறார்களே, அதுவும் இதே கொக்கி வேதியியல்தான். ஆலையில் அந்தப் பிடி சில மணி நேரம் நின்றால் போதும். உடலுக்குள் அதே பிடி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். 37 பாகை சூட்டில், உப்பு நீரில் அந்தச் சிலிக்கன்–ஆக்சிஜன் கொக்கி மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. எத்திலீன் கிளைக்கால் வகைப் பூச்சுகளை ஆக்சிஜன் தின்றுவிடும் அபாயமும் இருக்கிறது. கிருமி நீக்கும்போது ஏற்படும் பாதிப்பு, உடலுக்குள் செருகும்போது ஏற்படும் உரசல் ஆகியவை வேறு.

இதற்கு மூன்று வழிகளில் முயல்கிறார்கள். முதலாவது, ஆக்சைடு தோலை நீக்கிவிட்டு, சிலிக்கனோடு கார்பனை நேரடியாகப் பிணைப்பது. 1990களில் வந்த இந்த முறையில் பிணைப்பு நீரில் எளிதில் அறுவதில்லை. இரண்டாவது, ஒரு கையால் பிடிப்பதற்குப் பதில் பல கைகளால் பிடிப்பது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒருவர் வழுக்கினாலும் அணி நிற்பதுபோல, ஒரு கொக்கி கழன்றாலும் மற்றவை பூச்சைத் தாங்கும்.

மூன்றாவது வழி சந்தையில் விற்கும் கூப்பாங் சிப்பியிடமிருந்து வந்தது. அலை அடிக்கும் கம்பத்தில், நீருக்கடியில், அது எப்படி அவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது? அதன் பசைப் புரதத்தில் டோபா என்ற பொருள் நிறைந்திருக்கிறது. 2007இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் மெசர்ஸ்மித் குழு, டோபாவின் உறவான டோப்பமினைக் கரைத்த நீரில் பொருள்களை முக்கி வைத்தே அவற்றின் மேல் உறுதியான படலம் படியச் செய்தது. கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்று பேதம் இல்லை. அந்தப் படலத்தின் மேல் நீரைப் பிடிக்கும் போர்வையை நடலாம். ஒட்டாமல் இருப்பதற்கு, ஒட்டுவதில் கைதேர்ந்த சிப்பியே பாடம் சொல்லிக் கொடுத்தது.

குடை பிடித்தபடி மழையை அளப்பது

இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. 1970இல் நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்ட், ஒரு திரவத்தின் அயனிகளைச் சிலிக்கன் டிரான்சிஸ்டரைக் கொண்டே அளக்கலாம் என்று காட்டினார். இன்றைய பல சில்லு உணரிகளுக்கு மூத்த தாத்தா அது. ஆனால் இரத்தத்தின் உப்பு அளவில், அத்தகைய சில்லின் மின் பார்வை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரம்தான் எட்டும். புரதத்தைத் தடுக்கப் பூச்சைக் கனமாகப் போட்டால் சில்லுக்குக் கண் மறைந்துவிடும். மெல்லியதாகப் போட்டால் நாளடைவில் தேய்ந்துவிடும். மழையை அளக்க வந்தவர் குடைக்குள்ளேயே நின்றால் எப்படி?

மூளைக்குள் வைக்கும் சில்லுகளுக்கும் இதே கதை. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிலிக்கன் ஊசிப் படுகையில், 4 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 100 ஊசிகள். 2004இல் அமெரிக்காவில், கை கால் அசைக்க முடியாத ஒரு நோயாளியின் மூளையில் அதைப் பொருத்தினார்கள். நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையின் சுட்டியை அவர் நகர்த்தினார். ஆனால் இத்தகைய ஊசிகளைப் புரதமும் அணுக்களும் தழும்பும் சூழச் சூழ, பல மாதங்கள், ஆண்டுகளில் குறிகை மங்கிவிடுவது இன்றும் பெரிய தடை. சில்லு பழுதாகாமலேயே செவிடாகிவிடுகிறது.

நம் வீட்டுக்கு இதனால் என்ன?

ஒருமுறை வானொலியில் நான் நடத்திய உடல்நல நிகழ்ச்சியில் ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, கையில ஒட்டுற அந்த இனிப்பு நீர் மீட்டர், இவ்வளவு காசு குடுத்து வாங்குறோம். பதினாலு நாள்ல நின்னு போயிடுது. வேணும்னே செய்றாங்களா?" நியாயமான கேள்வி. பக்கத்தில் இருந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பதில் இது: "அம்மா, தோலுக்கடியில இருக்கிற நுனி உங்க உடம்போட தினமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல அது சொல்ற கணக்கை நம்ப முடியாது."

அந்த உணரியின் நுனி பெரும்பாலும் சிலிக்கன் அல்ல. ஆனால் சிக்கல் அதே புரதம்தான். புரதம் படிவதும், அதைத் தொடரும் அழற்சியும், நுனியில் உள்ள நொதி தளர்வதும் சேர்ந்து அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தோலுக்கடியிலேயே முழுதாக வைக்கும் எவர்சென்ஸ் என்ற உணரியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2018இல் 90 நாளுக்கும், 2022இல் 180 நாளுக்கும், 2024இல் ஓராண்டுக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. அழற்சியை அடக்கும் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் ஒரு சிலிகோன் வளையம் அதில் இருக்கிறது.

இது நம் சமூகத்துக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவரை நெருங்கும் கணக்கு. உணரி எத்தனை நாள் தாங்கும் என்பது, ஒரு குடும்பம் மாதம் எத்தனை உணரி வாங்க வேண்டும் என்ற வெள்ளிக் கணக்கும்கூட.

சரி, பூச்சு முன்னேறும் வரை நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

கண் வில்லை அணிபவர்கள் அதற்குரிய கரைசலைக் கொண்டு விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரோ எச்சிலோ கூடாது. மாத வில்லையை மூன்று மாதம் இழுத்தால், படிந்த புரதம் இமைக்குள் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வீட்டில் பெரியவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், தாதி சொன்ன தேதியில் மாற்றிவிடுங்கள். வெளியே சுத்தமாகத் தெரிவது உள்ளே படிந்ததைக் காட்டாது.

சர்க்கரை உணரி காட்டும் எண்ணும் உடல் சொல்லும் அறிகுறியும் ஒத்துப் போகாவிட்டால், விரலில் குத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக முதல் நாளிலும் கடைசி நாள்களிலும்.

"நானோ கோட்டிங், எதுவும் ஒட்டாது" என்று யாராவது எதையாவது விற்க வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தத் திரவத்தில் சோதித்தீர்கள்? எத்தனை நாள் சோதித்தீர்கள்? தண்ணீர் உருண்டோடுவதைக் காட்டுவது பதில் ஆகாது. தாமரை இலையின் ஏமாற்று வேலை இப்போது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். சில்லு என்றால் மின்னியல் பொறியியல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உடலுக்குள் போகும் சில்லுக்கு வேதியியல் தெரிந்தவர் வேண்டும், உயிரியல் தெரிந்தவர் வேண்டும், அதைப் பொருத்தும் மருத்துவரும் வேண்டும். சிடாம் கிரியிலிருந்து பார்த்தால் பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கலாம்; இன்னொரு பக்கம் கூலிமில் சிலிக்கன் வேஃபர்கள் தயாராகின்றன. அந்த வேஃபரையும் அந்த மருத்துவமனையையும் இணைக்கும் பூச்சு சில நானோமீட்டர் கனம்தான். அதை நீண்ட நாள் நிலைக்க வைப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகில் யாரும் இன்னும் முழு விடை சொல்லிவிடவில்லை.